கடலைப் புண்ணாக்கும் எள்ளுப் புண்ணாக்கும்: கெண்டை மீனின் கணக்கு

பெருந்துறை வட்டாரத்தில் மீன்குட்டை வைத்திருப்பவர் தீவனம் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் கைக்கு எட்டுவது புண்ணாக்கு மூட்டைதான். கொப்பரை ஏலத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் தேங்காய்ப் புண்ணாக்குக்குக் குறைவில்லை. ஆனால் மீனுக்கு என்று கேட்டால் கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் கடலைப் புண்ணாக்கு. கொஞ்சம் யோசித்துக் கேட்பவருக்கு எள்ளுப் புண்ணாக்கு. இந்த இரண்டையும் அருகருகே வைத்து, கட்லாவும் ரோகுவும் மிர்காலும் சாதாக் கெண்டையும் அவற்றிலிருந்து என்ன பெறுகின்றன என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இரண்டும் ஒரே தண்ணீரில் விளைந்தவை. 1955-இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாய் சுமார் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. ஆயக்கட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமாக ஆகஸ்ட் நடுவிலிருந்து நெல்லுக்கு நஞ்சைத் தண்ணீர். மறு பாதிக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை புஞ்சைத் தண்ணீர். அந்தப் புஞ்சைத் தண்ணீரில்தான் கடலையும் எள்ளும் வருகின்றன. எள் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய்க் கருப்பு, சிவப்பு, வெள்ளை என்று ரகம் பிரித்து ஏலம் போகிறது. எண்ணெய் சமையலறைக்கு, சக்கை மாட்டுத் தொட்டிக்கு என்பது நெடுங்கால ஏற்பாடு. மீன்குட்டை அந்த ஏற்பாட்டுக்குள் பின்னால் வந்து சேர்ந்தது. மாட்டுக்குத் தெரிந்த கணக்கையே மீனுக்கும் போட்டுவிட்டோம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

மாட்டுக் கணக்கு எளிது. எந்தப் புண்ணாக்கில் புரதம் அதிகம், எதில் பால் கூடுகிறது, எது மலிவு. மாட்டின் முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. அவை தீவனத்துப் புரதத்தை உடைத்து, தங்கள் உடலுக்கான புரதத்தைப் புதிதாகக் கட்டிக்கொள்கின்றன. அடுத்த இரைப்பைகளில் மாடு செரிப்பது பெரும்பகுதி அந்த நுண்ணுயிர்ப் புரதத்தை. உள்ளே போனது கடலையா எள்ளா என்பதைவிட, போன நைட்ரஜன் எவ்வளவு என்பதே அங்கே பெரிதாகப் பேசும். கெண்டைக்கு அந்த வசதி இல்லை. கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது. வாய்க்குப் பின் தொண்டைப் பற்கள், அதன்பின் நேரே குடல். அரைத்து விழுங்கிய புரதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அதற்குக் கிடைக்கும்.

புரதத்தின் கட்டுமானப் பொருள்களான அமினோ அமிலங்களில், மீனுக்கு வெளியிலிருந்தே கிடைத்தாக வேண்டியவை பத்து: ஆர்ஜினின், ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெத்தியோனின், ஃபினைல் அலனின், திரியோனின், டிரிப்டோபான், வாலின். அமெரிக்காவில் ஜான் ஹால்வர் 1957-இல் சினூக் சால்மன் குஞ்சுகளை வைத்து இதை நிறுவினார். ஒவ்வொரு அமினோ அமிலமாக உணவிலிருந்து எடுத்துவிட்டு, எதை எடுத்தால் குஞ்சு வளர்வதை நிறுத்துகிறது, திரும்பக் கொடுத்தால் வளர்கிறது என்று பார்த்த ஆய்வு அது. அதில் உடன் உழைத்தவர்களில் எட்வின் மெர்ட்ஸ் ஒருவர். அவரே 1964-இல் சாதாரண மக்காச்சோளத்தைவிட லைசின் கூடுதலாக உள்ள மக்காச்சோள வகையைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றார். அதே 1957-இல், ஜூலை 10 அன்று, ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரி இந்தியக் கெண்டைகளுக்குப் பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டு முட்டையிட வைத்தார். இன்று நம் குட்டைகளுக்கு வேண்டிய நேரத்தில் குஞ்சு கிடைப்பது அந்த வேலையின் பயன். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். குஞ்சு உற்பத்தியில் நாம் உலகத்தோடு சேர்ந்து நடந்தோம். தீவனத்தில் புண்ணாக்கும் தவிடுமாகப் பல காலம் அப்படியே இருந்துவிட்டோம்.

பத்தில் ஒன்று குறைந்தால் என்ன ஆகும்? சென்னிமலைத் தறியில் பத்து நிற நூல் கொண்டு ஒரு போர்வை நெய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது நிறம் தாராளமாக இருந்து ஒரு நிறம் பாதியில் தீர்ந்துபோனால் போர்வை பாதியோடு நிற்கும். நெசவாளர் மிச்ச நூலைச் சுற்றி வைத்து அடுத்த போர்வைக்கு எடுத்துக்கொள்வார். மீனுக்கு அதற்கும் வழியில்லை. உபரி அமினோ அமிலத்தைச் சேமிக்க உடலில் இடம் கிடையாது. அதை உடைத்து எரிபொருளாக்கி, நைட்ரஜனை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீருக்குள் விட்டுவிடும். லைசின் குறைந்த தீவனத்தை அதிகமாகக் கொட்டுபவர் காசு கொடுத்துக் குட்டைக்கு அம்மோனியா வாங்குகிறார்.

கெண்டைக்கு எவ்வளவு தேவை என்பதை அளந்திருக்கிறார்கள். ஜப்பானில் நோசே 1979-இல் சாதாக் கெண்டைக்குக் கொடுத்த கணக்கில், தீவனத்தின் 100 கிராம் புரதத்தில் லைசின் 5.7 கிராம் இருக்க வேண்டும். மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்த்து 3.1, திரியோனின் 3.9, ஆர்ஜினின் 4.3. நம் கட்லாவுக்கு ரவியும் தேவராஜும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு லைசின் தேவையை 6.2 என்று இன்னும் மேலே கொண்டுபோகிறது. திலேப்பியாவுக்கு, அதாவது நம் சந்தையில் ஜிலேபி என்று விற்கும் மீனின் இனத்துக்கு, சாண்டியாகோவும் லவலும் 1988-இல் கண்டது 5.1. இனத்துக்கு இனம் சிறு வேறுபாடு உண்டு. ஆனால் பத்து அமிலங்களில் தனியொன்றாக அதிகம் கேட்கப்படுவது லைசின் என்பதில் மூன்று பட்டியல்களும் ஒத்துப்போகின்றன.

இனி புண்ணாக்குகள்.

கடலைப் புண்ணாக்கில் கச்சாப் புரதம் பொதுவாக 40 முதல் 45 சதவீதம். அந்தப் புரதத்தின் 100 கிராமில் லைசின் 3.5 கிராம் அளவில்தான் இருக்கிறது. மெத்தியோனின் 1-ஐச் சற்றே தாண்டும். சிஸ்டினைச் சேர்த்தால் 2.4 வரும். திரியோனின் 2.7. ஆர்ஜினின் மட்டும் 11-க்கு மேல், கெண்டை கேட்பதைப்போல் இரண்டரை மடங்கு. ஆக, கடலையில் குறை மூன்று: லைசின், மெத்தியோனினும் சிஸ்டினுமான கந்தக அமினோ அமிலங்கள், திரியோனின்.

எள்ளுப் புண்ணாக்கில் கச்சாப் புரதம் 35 முதல் 40 வரை. எண்ணெய் நன்றாகப் பிழிந்திருந்தால் இன்னும் கூடும். புரதத்தின் 100 கிராமில் மெத்தியோனின் 2.8 கிராம், சிஸ்டினோடு சேர்த்து 4.7. எண்ணெய் வித்துகளில் மெத்தியோனினுக்கு எள்ளைப் போன்ற வளமான ஊற்று அரிது. திரியோனினும் 3.5 வரை வந்து தேவையை நெருங்குகிறது. ஆனால் லைசின் 2.6 மட்டுமே. கடலையே குறை என்றால் எள் அதனினும் குறை.

வெறும் விகிதத்தை வைத்துப் பேசினால் குட்டைக்காரருக்கு ஒன்றும் விளங்காது; தீவனமாகக் கலந்தே பார்ப்போம். நம் பக்கத்து வழக்கப்படி ஒரு பங்கு புண்ணாக்குக்கு ஒரு பங்கு அரிசித் தவிடு. கடலைப் புண்ணாக்கின் புரதம் 42 சதவீதம், தவிட்டில் 12 என்று கொண்டால் கலவையில் 27 சதவீதம் புரதம் வரும். அந்த அளவு புரதத்துக்கு, கெண்டையின் தேவைப்படி கிலோவுக்கு 15 கிராம் லைசின் இருக்க வேண்டும். இருப்பது 10 கிராம். மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 8.4 வேண்டிய இடத்தில் 7.4. இனி கடலைக்குப் பதில் 38 சதவீதப் புரதமுள்ள எள்ளுப் புண்ணாக்கு. கலவையின் புரதம் 25. கந்தக அமிலங்கள் 7.8 வேண்டும், 11-க்கு மேல் இருக்கின்றன. லைசின் 14 வேண்டும், இருப்பது 7.6. பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இரண்டையும் சரிபாதி கலந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் என்று நம்பத் தோன்றும். பாதி நிரம்பத்தான் செய்கிறது. மெத்தியோனின் குறை தீர்ந்துவிடுகிறது. ஆனால் லைசின் 15-க்கு 9 என்றே நிற்கிறது, கடலை தனியாக இருந்ததைவிடக் கீழே. இரண்டும் ஒரே இடத்தில் பலவீனமானவை. எத்தனை விதமாகக் கலந்தாலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது இதுதான். இந்த இரண்டில் எது நல்லது என்ற கேள்விக்கு விடை, இரண்டுக்கும் வெளியே இருக்கிறது.

மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டு இதையெல்லாம் ஏன் சொல்வதில்லை? ஆய்வுக்கூடம் அளப்பது புரதத்தை அல்ல, நைட்ரஜனை. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் யோஹன் கெல்டால் 1883-இல் வகுத்த முறை அது. கிடைத்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் கச்சாப் புரதம். எல்லாப் புரதத்திலும் நைட்ரஜன் 16 சதவீதம் என்று கொண்ட எண் இது. கடலைக்கும் எள்ளுக்கும் அது பொருந்தாது. இரண்டிலும் ஆர்ஜினின் மிகுதி; ஆர்ஜினின் மூலக்கூறு ஒன்றில் நைட்ரஜன் அணு நான்கு. அதனால் இவற்றுக்கெனத் தனிப் பெருக்கெண்கள் வெகுநாள் முன்பே கணக்கிடப்பட்டன: கடலைக்கு 5.46, எள்ளுக்கு 5.30. அப்படிப் பார்த்தால் சீட்டில் 42 என்று இருக்கும் கடலைப் புண்ணாக்கில் உண்மைப் புரதம் 37-ஐ ஒட்டி, 38 என்று இருக்கும் எள்ளில் 32. மேலே நான் போட்ட லைசின் கணக்கு கச்சாப் புரத அடிப்படையிலானது என்பதால் அது மாறாது. ஆனால் சீட்டைப் பார்த்து விலை பேசுபவர், கெண்டைக்கு வேண்டாத ஆர்ஜினினுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனை குறையும் உண்மை என்றால், புண்ணாக்கும் தவிடும் போட்டே இத்தனை காலம் மீன் வளர்ந்தது எப்படி? நியாயமான கேள்வி. விடை குட்டையின் அடிமண்ணில் இருக்கிறது. வெள்ளோடு ஏரியைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கால்வாய்க் கசிவும் மழையும் நிரப்பும் அந்த ஏரிக்கு யாரும் தீவனம் போடுவதில்லை. ஆனாலும் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கும் அளவு மீன் இருக்கிறது. 2022-இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மண்குளத்தில் வெயில் பட்டதும் பாசி, பாசியைத் தின்ன நுண்விலங்குகள், அடியில் புழுக்கள். அந்த நுண்விலங்குகளின் உடற்புரதம் லைசின் நிறைந்தது. மேல்மட்டத்தில் கட்லா அதை வடிகட்டித் தின்கிறது, நடுவில் ரோகு, அடியில் மிர்கால். புண்ணாக்கு கொடுக்கத் தவறிய லைசினைக் குளமே கொடுத்துவிடுகிறது. கரையாமல் கீழே படிந்த புண்ணாக்கும் வீண்போவதில்லை. உரமாகி மறுபடி பாசியாகிறது. ஏக்கருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் குஞ்சு விட்ட மண்குளத்தில் கடலைப் புண்ணாக்கும் தவிடும் போதும் என்று அனுபவசாலிகள் சொல்வதில் பிழையே இல்லை. கொல்லேறு வட்டாரத்து ஆந்திர விவசாயிகள் துளையிட்ட பைகளில் தவிட்டையும் புண்ணாக்கையும் கட்டித் தொங்கவிட்டே பெரும் உற்பத்தியைக் காட்டியிருக்கிறார்கள். அங்கும் பெரிய மண்குளமும் வளமான தண்ணீரும் பாதி வேலையைச் செய்தன.

கொங்குப் பகுதியில் இப்போது பெருகிவருவது மண்குளம் அல்ல. செம்மண்ணும் ஓடைக்கல்லும் தண்ணீரைப் பிடிப்பதில்லை என்பதால் தோட்டத்து ஓரத்தில் குழி தோண்டித் தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். சிறு இடத்தில் நெருக்கமாக விட்ட குஞ்சுகள். அடிமண் இல்லை, எனவே புழு இல்லை. கிணற்றுத் தண்ணீரில் பாசி பிடிக்க நாளாகும். பிடித்தாலும் அத்தனை வாய்களுக்குக் காணாது. பழைய குளத்தில் பின்னணியில் நின்று உதவிய கை இங்கே இல்லை. புண்ணாக்கின் லைசின் குறை முழுதாக மீனின் உடலில் தெரிவது இங்கேதான். மீன் மெலிந்து நீளும், எடை ஏறாது. தீவனத்தைக் கூட்டினால் அம்மோனியா கூடும், அதையும் உறிஞ்சி மாற்ற அடிமண் இல்லை. காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். குஞ்சு கொடுத்தவரைக் குறை சொல்லுவார்கள், தண்ணீரைக் குறை சொல்லுவார்கள். தீவன மூட்டையை யாரும் சந்தேகிப்பதில்லை. மண்குளத்து அனுபவத்தை அப்படியே தார்ப்பாய்க் குட்டைக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று பயிற்சிகளில் முதல் பாடமாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பவானிசாகரிலேயே தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருப்பதால், இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நம்மவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அமினோ அமிலத்தை விட்டுக் கெடுதலைப் பார்த்தாலும் இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன. கடலையின் ஆபத்து பூஞ்சை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப்போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உலகம் அறிந்தது அப்படித்தான். ஒடிசாவின் கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தில் ரோகு மீனைக் கொண்டு செய்த ஆய்வில், அஃப்ளாடாக்ஸின் அதன் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பது தெரியவந்தது. மீன் உடனே சாகாது. ஆனால் அடுத்து வரும் நோய்க்குத் தாங்காது. ஐப்பசி அடைமழையில் ஈரமேறிய மூட்டையை, கட்டி பிடித்த புண்ணாக்கை, மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கி மீன்குட்டையில் கொட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது நிற்க வேண்டும். மாட்டுக்கு ஆகாதது மீனுக்கும் ஆகாது.

எள்ளின் தொல்லை வேறு. தோல் நீக்காத எள்ளில் ஆக்சலேட்டும், பருப்பிலேயே ஃபைட்டிக் அமிலமும் மிகுதி. ஃபைட்டிக் அமிலம் துத்தநாகத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் கட்டிப்போட்டுவிடும். புரதத்தையும் பிடித்துக்கொண்டு செரிமானத்தைத் தடுக்கும். இரைப்பை அமிலம் இல்லாத கெண்டைக்கு அந்தக் கட்டை அவிழ்ப்பது இன்னும் கடினம். வங்கத்தில் முகோபாத்யாயும் ரேயும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது. எள்ளுப் புண்ணாக்கை லாக்டோபாசில்லஸ் கொண்டு நொதிக்கவைத்தபோது ஃபைட்டிக் அமிலம் அளக்க முடியாத அளவுக்கு இறங்கியது. அப்படி நொதித்த புண்ணாக்கை ரோகு குஞ்சுகளின் தீவனத்தில் பச்சைப் புண்ணாக்கைவிட அதிக அளவில் சேர்க்க முடிந்தது. நம் வீடுகளில் புண்ணாக்கை இரவில் ஊறவைத்துக் காலையில் போடுவது உண்டு. அது மிருதுவாக்கும், அவ்வளவுதான். ஊறவைப்பது வேறு, நொதிக்கவைப்பது வேறு.

எண்ணெய் எடுக்கும் முறையும் கணக்கில் சேரும். லைசின் சூட்டுக்கு அஞ்சும் அமிலம். அதிகச் சூட்டில் அது சர்க்கரையோடு பிணைந்துகொள்ளும். அளந்தால் இருப்பதாகக் காட்டும், மீனுக்குச் செரிக்காது. இரும்பு எக்ஸ்பெல்லரில் புகைய ஓடிக் கருகிய பழுப்பில் வரும் புண்ணாக்கைவிட மரச்செக்குப் புண்ணாக்கில் லைசின் சேதம் குறைவு. ஆனால் செக்கில் எண்ணெய் முழுதாக இறங்காது. அதனால் புரத விகிதம் குறையும், சீக்கிரம் காறிப்போகும். எள்ளுக்குக் கருப்பட்டி போட்டு ஆட்டுவது நம் பக்கத்து முறை என்பதால், அந்தச் சக்கையில் சர்க்கரையும் சேர்ந்து புரதத்தை இன்னும் இறக்கிவிடுகிறது. செக்குப் புண்ணாக்கு வாங்குபவர் எண்ணெய்க்குத் தரும் மதிப்பைப் புண்ணாக்குக்கும் தந்துவிடாமல், புதிதாக இருக்கும்போதே வாங்கி உடனே தீர்த்துவிடுவது நல்லது.

சரி, லைசினுக்கு எங்கே போவது? முதல் விடை சோயாப் புண்ணாக்கு. புரதம் 45 சதவீதம், அதன் 100 கிராமில் லைசின் 6.2. அதன் குறை மெத்தியோனின். இங்கேதான் எள்ளுக்கு அதன் உண்மையான இடம் கிடைக்கிறது. சோயா 35 பங்கு, எள்ளுப் புண்ணாக்கு 10 பங்கு, தவிடு 55 பங்கு என்று கலந்தால் புரதம் 26 சதவீதம். லைசின் 15 வேண்டிய இடத்தில் 13.7. கந்தக அமிலங்கள் 8.1 வேண்டும், 9 இருக்கின்றன. அதே பத்துப் பங்கில் எள்ளுக்குப் பதில் கடலை போட்டால் லைசின் 14.2-க்கு ஏறும், ஆனால் கந்தக அமிலங்கள் தேவையைத் தொட்டுக்கொண்டு நிற்கும், மிச்சம் இருக்காது. தின்னும் புரதம் முழுதும் செரிப்பதில்லை என்பதால் மிச்சம் வேண்டும். கடலைக்குத் துணையாகச் சோயாவைச் சேர்ப்பதைவிட, சோயாவுக்குத் துணையாக எள்ளைச் சிறு அளவில் சேர்ப்பதே மேல் என்பது என் முடிவு. தனியாக நிற்கும்போது எள் தோற்கிறது, சரியான ஜோடி கிடைத்தால் கடலையை முந்துகிறது.

கடையில் லைசின் தூளாகவே கிடைக்கிறதே என்பார்கள். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் மெத்தியோனினும் லைசினும் தூளாகத்தான் தீவனத்தில் சேர்கின்றன. லைசின் ஹைட்ரோகுளோரைடில் 78 சதவீதம் லைசின். கடலைப் புண்ணாக்கும் தவிடுமான கலவையின் லைசின் குறையைக் காகிதத்தில் அடைக்கக் கிலோவுக்கு ஏழு கிராம் போதும். கோழிக்குச் சரி, கெண்டைக்கு யோசிக்க வேண்டும். தூள் தண்ணீரில் கரைந்து போய்விடும். கரையாமல் உள்ளே போனாலும், இரைப்பை இல்லாத குடலில் தனி அமினோ அமிலம் சட்டென்று உறிஞ்சப்பட்டு, புண்ணாக்குப் புரதம் மெல்லச் செரித்து வரும் முன்பே எரிந்துபோகும். ஜப்பானில் 1970-இல் அயோயும் அவர் குழுவினரும் தனி அமினோ அமிலக் கலவை மட்டும் கொடுத்தபோது சாதாக் கெண்டைக் குஞ்சுகள் வளரவில்லை. 1974-இல் நோசே குழுவினர் கலவையின் அமிலத்தன்மையைக் காரம் சேர்த்துச் சமன்செய்து கொடுத்த பின்தான் வளர்ந்தன. தூளை நம்புபவர் தீவனத்தைப் பிசைந்து குச்சியாக்கி, கரையாமல் பிடித்து நிற்கச் செய்து, ஒரே வேளையில் கொட்டாமல் நாளுக்கு மூன்று நான்கு முறை பிரித்துக் கொடுக்க வேண்டும். ஜிலேபிக்கு இரைப்பை உண்டு. அது தூளைக் கெண்டையைவிட நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

நம் பகுதியிலேயே இன்னொரு பொருள் இருக்கிறது: பட்டுப்புழுக் கூட்டிலிருந்து நூலை எடுத்த பின் மிஞ்சும் கூட்டுப்புழு. கோபிசெட்டிபாளையம், உடுமலைப் பக்கங்களில் மல்பெரி பரவலாக இருக்கிறது. லைசின், மெத்தியோனின் இரண்டும் நிறைவாக இருக்கும் அரிய தீவனம் அது. கடலையின் குறையையும் எள்ளின் குறையையும் ஒருசேர அடைக்கக்கூடியது. ஜப்பானியர் கெண்டைக்கு அதை நெடுங்காலம் கொடுத்தார்கள். கொடுத்ததில் ஒரு பாடமும் கற்றார்கள். புழுவில் எண்ணெய் அதிகம். காறிப்போன புழுவைத் தின்ற கெண்டைகளின் முதுகுத் தசை வற்றி, கத்திபோல் ஒடுங்கியது. செகோகே என்று பெயர் பெற்ற அந்த நோய்க்கு வைட்டமின் ஈ சேர்த்ததில் தீர்வு கிடைத்தது. எண்ணெய் பிழிந்த புழுத்தூள் கிடைத்தால் தயங்காமல் பத்துப் பங்கு வரை சேர்க்கலாம். நாற்றமடித்த பச்சைப் புழு வேண்டாம்.

இதையெல்லாம் வளர்ப்புக் காலம் முழுதும் செய்ய வேண்டியதில்லை. அமினோ அமிலத் தேவை கடுமையாக இருப்பது குஞ்சு விரலியாகி, விரலி கைப்பிடி மீனாகும் பருவத்தில். உடல் எடை நாளுக்கு நாள் கூடும் அந்த முதல் இரண்டு மாதத்துக்குச் சோயாவும் எள்ளும் தவிடுமான தீவனத்தை, முடிந்தால் பட்டுப்புழுத் தூளோடு, குச்சியாகப் பிழிந்து கொடுக்கட்டும். அப்போது மீன் சிறிது, தின்பதும் கொஞ்சம், செலவு தாங்கும். கால் கிலோ தாண்டிய மீனுக்குப் புரதத் தேவை குறையும். மண்குளமானால் அதற்குக் கடலைப் புண்ணாக்கும் தவிடும் தாராளம். தார்ப்பாய்க் குட்டையானால் சோயாவைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் கடலையைச் சேர்க்கலாம். முழுதாகக் கடலைக்கு மாறக் கூடாது. நஞ்சைத் தண்ணீர் வந்து குட்டை நிரம்பும் ஆவணி, புரட்டாசியில் விரலி விட்டால், இந்தத் தீவன மாற்றம் கார்த்திகை முடிவில் வரும். புஞ்சைத் தண்ணீருக்குப் புதுக் கடலை விதைப்பதற்கு முன்பே, கடையில் மிஞ்சியிருக்கும் பழைய புண்ணாக்கு பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று உடைத்துப் பார்த்து வாங்க வேண்டிய காலமும் அதுதான்.